தில்லமூக்கில் பூட்டிய பெட்டி

ஆமோஸ் பெல் மாடிப்படி ஏறி வந்து, பேச முடியாமல் நாற்காலியில் உட்கார்ந்தார். பெரிய உடம்பு. வீட்டுச் சாமான் லாரி ஓட்டுபவர். அவர் மூச்சு நிலைப்படும் வரை தனியார் துப்பறிவாளர் ரொவீனா டெக்கர் காத்திருந்தார்.

"உங்க ஊர்க் காத்து ரொம்ப மெலிசு மேடம். எங்க பக்கம் கடலோரம். அங்க இதே மாதிரி மாடிக்கு பீரோவைத் தூக்கிட்டு ஏறுவேன்."

"லாண்டருக்கு வர்ற எல்லாரும் சொல்றதுதான். உக்காருங்க. என்ன விஷயம்?"

விஷயம் இது. ஒரிகான் கடற்கரையில் தில்லமூக் என்ற ஊரில் ஐலா கெட்டில்சன் என்ற பெண்மணி. கணவர் வெர்ன் வசந்தத்தில் இறந்துபோனார். மகன் கார்வின் பக்கத்தில் இருக்கலாம் என்று வயோமிங் மலைநாட்டில் லாண்டருக்குக் குடிவந்தார். சாமான்களை ஏற்றி வந்தவர் ஆமோஸ். அவற்றில் வெர்னின் நான்கு வேட்டைத் துப்பாக்கிகள் தனித்தனிப் பெட்டிகளில், எண் பூட்டுப் போட்டு வந்தன. இறக்கி வைத்த மறுநாள் ஐலா முதல் பெட்டியைத் திறந்தார். துப்பாக்கி இல்லை. பழைய துண்டுகளில் சுற்றிய ஈயக் குண்டுகள் இருந்தன. பூட்டு உடையவில்லை.

மற்ற மூன்றையும் நாளைக் காலை ஷெரிப் ஆபீசர் முன்னால்தான் திறக்க வேண்டும் என்று உத்தரவு. அதுவரை ஆமோஸ் ஊரை விட்டுப் போகக் கூடாது.

"ஜெயிலை நினைச்சு பயப்படல மேடம். ஜனங்க என்னை நம்பி வீட்டையே தூக்கிக் குடுக்கறாங்க. திருட்டுன்னு ஒரு பேச்சு வந்தா போதும், எந்தக் கம்பெனியும் என் கையில ஒரு நாற்காலியைக்கூடக் குடுக்காது. வேற தொழில் தெரியாது எனக்கு."

ஜன்னலோரம் நின்றிருந்த கோல்பி திரும்பினான். இன்ஷூரன்ஸ் கம்பெனியில் ஆறு வருடம் பொய்க் கோரிக்கைகளைத் தோண்டிவிட்டு ரொவீனாவிடம் சேர்ந்தவன். காலைக் காபிக்கு முன்பே இரண்டு பேரைச் சந்தேகித்துவிடுவான்.

"நீங்க எடுக்கலையே?" என்றான்.

"எடுத்திருந்தா இந்த மாடி ஏறியிருப்பேனா, தம்பி?"

ரொவீனா சிரிக்கவில்லை. கோட்டை எடுத்துக்கொண்டார்.

ஐலாவின் வாடகை வீட்டில் பாதிச் சாமான் இன்னும் பிரிக்கப்படவில்லை. சமையலறை மேடையில் ஊரிலிருந்து வந்த உருளைக்கிழங்கு வறுவல் பாக்கெட்டுகள் தலையணைபோல் உப்பிக் கிடந்தன. மஞ்சள் பூனை ஒன்று அவற்றின் மேல் சாய்ந்து கோல்பியை முறைத்தது. அவனும் முறைத்தான்.

ஐலா நேராக உட்கார்ந்து பேசினார். ஒவ்வொரு பெட்டியும் வெர்ன் கடற்கரை மழைக்கென்று வாங்கியது. மூடி விளிம்பு முழுக்க ரப்பர் வளையம், ஈரம் புகாது. கைப்பிடி அருகே பித்தளைத் திருகு ஒன்று. அதைத் தளர்த்திவிட்டுத்தான் மூடியைத் தூக்க வேண்டும். பூட்டின் எண் அவர்கள் கல்யாணம் நடந்த வருடம். கிளம்புவதற்கு முதல் நாள் சாயங்காலம் நான்கு துப்பாக்கிகளையும் அவரே எண்ணெய் தடவி, பெட்டியில் வைத்து, திருகை இறுக்கிப் பூட்டினார்.

"நாலோட போல்ட்டையும், தோட்டாவைத் தள்ளிப் பூட்டற அந்தத் தாழை, கழட்டிட்டேன். போல்ட் இல்லாத துப்பாக்கி வெறும் இரும்புக்குழாய்தான். ரெண்டும் ஒரே வண்டியில போகக் கூடாதுன்னு வெர்ன் சொல்லுவார். அது என் கைப்பையில டப்பாவுல வந்துச்சு."

"எல்லாம் இருக்கா?"

"நாலும் இருக்கு."

"முதல் பெட்டியைத் திறந்தப்ப யார் கூட இருந்தாங்க?"

"இவதான்." பூனையைக் காட்டினார். "மடியில படுத்திருந்தா. திருகைத் தளர்த்தினேனோ இல்லையோ, எகிறிக் குதிச்சு கட்டிலுக்கு அடியில போயிட்டா. அப்பவே சகுனம் சரியில்லைன்னு தோணுச்சு."

ரொவீனா பூனையைச் சிறிது நேரம் பார்த்தார். பிறகு பெட்டியில் கிடந்த குண்டு ஒன்றைக் கேட்டு வாங்கினார். சுண்டுவிரல் நுனி அளவு. இடுப்பில் சுற்றிலும் ஒரு பள்ளம். பள்ளத்தில் நீல மெழுகு.

"இது அவர் வார்த்தது" என்றார் ஐலா. "அந்த நீலம் வேற யாருகிட்டயும் கிடையாது. என் க்ரேயான் டப்பாவைக் காலி பண்ணி உருக்கினது. நான் டீச்சரா இருந்தேன்."

பின்கட்டில் வெர்னின் மருமகன் ட்ராய் மேசை ஒன்றைச் சுவரோடு பொருத்திக்கொண்டிருந்தான். வெர்ன் தன் தோட்டாக்களைத் தானே நிரப்பிய மேசை. அக்கா மகன், முப்பது வயது, அதே ஊரில் வளர்ந்தவன். சாமான் லாரிகள் வெடிமருந்தை ஏற்றாது. ஆமோஸின் கம்பெனி அந்த மேசையில் இருந்த எதையுமே தொடாது என்று எழுதிக் கொடுத்துவிட்டது. அதனால் மருந்து, அதைப் பற்றவைக்கும் கேப், வெற்று உறை, ஈயக் குண்டு அத்தனையும் ட்ராயின் பிக்கப் வண்டியில் வந்தன.

"அந்த தடியன் மூணு ராத்திரி மலைமேல லாரியை நிறுத்தித் தூங்கியிருக்கான்" என்றான் ட்ராய். "எந்த இடத்துல எடுத்தானோ. நீங்க அவன்கிட்ட கூலி வாங்கிட்டு என்னை விசாரிக்கறீங்க."

"உங்க வண்டிச் சரக்கு பத்திரமா வந்துச்சா?"

அவன் நிமிர்ந்தான். தொழில் தெரிந்தவனுக்குரிய பெருமை முகத்தில் வந்தது. "அதுல யாரும் என்னைக் குறை சொல்ல முடியாது. அத்தை துப்பாக்கியைத் தொடுறதுக்கு முதல் நாளே மேசை மொத்தத்தையும் காலி பண்ணி ஏத்திட்டேன். மருந்து ஒரு பக்கம், கேப் ஒரு பக்கம், குண்டெல்லாம் அடியில. மேல மூடி, பூட்டு. சாவி இங்க." கழுத்துச் சங்கிலியைத் தட்டினான். "இங்க வந்து இறங்கற வரைக்கும் என்னைத் தவிர ஒரு ஈ அதைத் தொட்டதில்ல."

"நல்ல பழக்கம்" என்றார் ரொவீனா.

திரும்பும் வழியெல்லாம் கோல்பி பேசிக்கொண்டு வந்தான். ஐலாவுக்கு இன்ஷூரன்ஸ் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும் என்றான். ஆமோஸ் எண் பூட்டை எட்டிப் பார்த்திருக்கலாம் என்றான். கடைசியில், வேலையாக வெளியூர் போயிருந்த மகனையும் விடவில்லை.

"பூனையை விட்டுட்டியே" என்றார் ரொவீனா.

"விளையாடாதீங்கக்கா."

"விளையாடல."

மறுநாள் காலை எல்லோரும் ஐலாவின் கூடத்தில் கூடினார்கள். ஷெரிப் ஆபீசர் லண்ட் தொப்பியை முழங்காலில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். ஆமோஸ் கதவோரம் நின்றார். அவரை யாரும் உட்காரச் சொல்லவில்லை. ட்ராய் சுவரில் சாய்ந்திருந்தான். பூட்டிய மூன்று பெட்டிகளும் தரையில்.

"திறக்கறதுக்கு முன்னாடி ஒரு நிமிஷம் யாரும் பேச வேண்டாம்" என்றார் ரொவீனா.

ஐலா பூட்டை விடுவித்து, பித்தளைத் திருகைத் தளர்த்தினார். பெட்டி சீறியது. நீண்ட, மெல்லிய சீறல். பூனை சோபாவிலிருந்து தாவி உள்ளறைக்கு ஓடியது. இரண்டாவது பெட்டியும் சீறியது, மூன்றாவதும். மூன்றிலும் துப்பாக்கிகள் பத்திரமாக இருந்தன.

"முதல் பெட்டியும் இப்படித்தான் சத்தம் போட்டுச்சா?" என்றார் ரொவீனா.

ஐலா யோசித்தார். "ஆமா. இதே சத்தம். துப்பாக்கியைக் காணோம்ங்கற பதட்டத்துல மறந்தே போச்சு."

ரொவீனா சமையலறையிலிருந்து ஒரு வறுவல் பாக்கெட்டைக் கொண்டுவந்து லண்டின் மடியில் போட்டார். "இது ஏன் இப்படி உப்பியிருக்கு?"

"கடலோரத்துல அடைச்சது. இங்க ஐயாயிரம் அடி உயரம். வெளிக்காத்து மெலிசு, உள்ளே கனம்." லண்ட் பாதியிலேயே நிறுத்தினார். பெட்டியைப் பார்த்தார்.

"அதேதான். மலைமேல யாராவது அந்தப் பெட்டியைத் திறந்திருந்தா கடல்காத்து அங்கயே வெளியே போயிருக்கும். திரும்ப மூடினா மலைக்காத்துதான் உள்ளே இருக்கும். இங்க இவ்வளவு சீறாது, பூனை ஓடாது. குண்டு வெச்ச பெட்டி தாழ்வான இடத்துல மூடினது. மூடினப்பறம் இங்க வர்ற வரைக்கும் யாரும் திறக்கல."

"அப்ப லாரி கிளம்பின அன்னைக்கே, கடலோரத்துலயே எடுத்திருக்கலாமே?" என்றான் ட்ராய். குரல் சாதாரணமாக இருந்தது.

"எடுத்திருக்கலாம். நானும் அதை யோசிச்சேன்." ரொவீனா பையிலிருந்து நீல மெழுகுக் குண்டை எடுத்து மேசையில் வைத்தார். "ஆனா இவர் கடலோரத்துல இந்தக் குண்டுக்கு எங்க போவார்? வெர்னோட குண்டு ஒண்ணையும் லாரிக்காரர் கையில குடுக்கல. கம்பெனி விடாது. ஐலா துப்பாக்கியை வெச்சுப் பூட்டறதுக்கு முதல் நாளே எல்லாக் குண்டும் உங்க வண்டியில, மூடிக்கு அடியில, பூட்டுக்குள்ள. ஒரு ஈ தொடலைன்னு நீங்கதான் சொன்னீங்க."

லண்ட் குண்டை எடுத்து, நீல மெழுகைத் திருப்பிப் பார்த்தார்.

"அன்னைக்கு ராத்திரி பெட்டி கனம் குறையாம இருக்க உங்களுக்கு ஏதாவது வேணும். வீட்டுல மிச்ச சாமான் எல்லாம் டேப் ஒட்டியாச்சு, பிரிச்சா தெரியும். உங்க வண்டியோட சாவி மட்டும் கையில இருந்துச்சு. கல்யாண வருஷமும் குடும்பத்துக்குத் தெரியும்." அவர் திறந்த பெட்டிகளைக் காட்டினார். "காசுக்குத் திருடறவன் நாலையும் எடுப்பான். போல்ட் இல்லைன்னு பார்த்தா நாலையும் விட்டுடுவான். ஒண்ணே ஒண்ணு போயிருக்கு. எடுத்தவனுக்கு அந்தத் துப்பாக்கிதான் வேணும். போல்ட்டை இங்க வந்து மெல்லமா எடுத்துக்கலாம்."

ட்ராய் சங்கிலியை விரலில் சுற்றினான். அவிழ்த்தான். மறுபடி சுற்றினான்.

"மாமா எனக்குன்னு சொன்னாரு" என்றான் கடைசியில். "பதினாலு வயசுல, அதைத் தூக்கிட்டு அவர்கூட முதல் மான் அடிச்சப்ப சொன்னாரு. அத்தை, நீங்க அதை கார்வினுக்குக் குடுக்கப் போறேன்னீங்க. உங்க புள்ளைக்கு எந்தப் பக்கம் சுடும்னுகூடத் தெரியாது. சுவத்துல மாட்டி வைப்பான்."

"எங்க இருக்கு?" என்றார் ஐலா.

"வண்டி சீட்டுக்குப் பின்னால."

லண்ட் போய் எடுத்து வந்தார். பழைய போர்வையில் சுற்றியிருந்தது. ஐலா டப்பாவிலிருந்து ஒரு போல்ட்டைத் தேடி எடுத்து, துப்பாக்கியில் செருகித் தள்ளினார். க்ளிக் என்று அமர்ந்தது. கொஞ்ச நேரம் கையை அதன் மேலேயே வைத்திருந்தார். பிறகு உருவி, டப்பாவில் போட்டு மூடினார்.

"கேட்டிருந்தா குடுத்திருப்பேன், ட்ராய். கார்வினுக்குச் சொன்னது பேச்சுக்குத்தான். இத்தனை நாளும் இந்த மனுஷன் வேலை போகப் போகுதுன்னு தெரிஞ்சும் இதே வீட்ல உக்காந்து சாப்பிட்டியே. அப்படிப்பட்டவன் கையில உங்க மாமா இதைக் குடுக்க மாட்டார். நானும் மாட்டேன்."

புகார் வேண்டாம் என்று லண்டிடம் சொன்னார். ஆனால் ஒரு காரியம் நடக்க வேண்டும் என்றார். ட்ராய் ஆமோஸின் கம்பெனிக்கு, இதே கூடத்தில், எல்லோர் காதிலும் விழும்படி போன் செய்தான். தன் பெயரைச் சொன்னான். செய்ததைச் சொன்னான். மறுமுனை இன்னொரு முறை சொல்லச் சொன்னது. சொன்னான். பிறகு யாரையும் பார்க்காமல் வெளியே போய், பிக்கப்பின் சக்கரத்தருகில் உட்கார்ந்தான்.

ஐலா ஆமோஸுக்கு ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டார். அவர் உட்கார்ந்தார். ரொவீனாவுக்கு எவ்வளவு தர வேண்டும் என்று கேட்டார். மாடி ஏறி வந்ததே போதும் என்றார் ரொவீனா.

"அப்ப எனக்கு ஒண்ணு வேணும்" என்று ஆமோஸ் லண்டின் பக்கம் கை நீட்டினார். லண்ட் வறுவல் பாக்கெட்டைக் கொடுத்தார்.

ஆமோஸ் அதை மெல்லக் கிழித்தார். புஸ்ஸென்று ஊர்க் காற்று வெளியே வந்தது. கண்ணை மூடி அதை ஒருமுறை முகர்ந்தார். பிறகு பாக்கெட்டை முதலில் கோல்பியிடம் நீட்டினார்.