மூன்றாவது பிள்ளை

காலையில் வேலைக்குப் பேர் கொடுக்கும் பெரட்டுக்குப் போகும் அவசரத்திலும் மருமகளைக் குத்திக்காட்ட ராக்காயிக்கு நேரம் இருந்தது. அந்த விஷயத்தில் மட்டும் அவள் ஒருநாளும் பிந்தியதில்லை.

"மூணு தரம் வயித்துல வந்துச்சு, மூணும் தங்கல! பேரப்பிள்ளையப் பாக்காமலே நான் கண்ண மூடணுமா...? கந்தப்பளையில ஒரு பொண்ணு இருக்கு. தைக்குள்ள யோகேசுக்குப் பேசி முடிக்கிறேன்!"

கிருஷாந்தி ரொட்டிக்கு மாவு பிசைந்துகொண்டிருந்தாள். அவள் கணவன் யோகேஸ்வரன் தேத்தண்ணீர்க் கோப்பையிலிருந்து தலையைத் தூக்கவேயில்லை. வாயில் கொழுக்கட்டையா வைத்திருந்தான்? எல்லாம் தெரிந்தவன்தானே!

இரண்டு கரு கலைந்ததும் இருவரும் கண்டியில் ஒரு டாக்டரம்மாவிடம் போனார்கள். குறை கிருஷாந்தியிடம் இல்லை. அவனுடைய விந்தணுக்களில் மரபணு துண்டு துண்டாக உடைந்திருந்தது. ஆறு வருஷமாகத் தேயிலை மலையில் புல்லுக்கு மருந்தடிக்கிறவன். மூச்சு முட்டுகிறதென்று முகமூடியைக் கழற்றிவிடுவான். மருந்தில் நனைந்த சட்டையோடு வீட்டுக்கு வந்து அப்படியே படுப்பான்.

"அந்த மருந்துதான் காரணமா இருக்கணும். கரு உண்டாகும், நிலைக்காது. வேலைய விட்டுட்டு நாலஞ்சு மாசம் பொறுங்க. புதுசா ஊறுற அணு நல்லதா இருக்க வாய்ப்பிருக்கு," என்றார் டாக்டரம்மா.

திரும்பும் பஸ்ஸில் அவன் அவள் கையைப் பிடித்துக்கொண்டு அழுதான். "வெளிய தெரிஞ்சா நீ ஆம்பளையான்னு கேப்பானுங்க... யார்கிட்டயும் சொல்லிறாத!"

அவள் சொல்லவில்லை. அவன் வேலையை விடவுமில்லை. விட்டால் ஏன் விட்டாய் என்று கேட்பார்களாம்!

இப்போது ராக்காயி இளைய மகன் பக்கம் திரும்பினாள். லோஜனுக்குக் கல்யாணம் முடிந்து இரண்டு மாதம்தான் ஆகியிருந்தது. மருந்தடிக்கிற வேலை மத்தியானத்தோடு முடியும், முழுநாள் சம்பளத்துக்குப் பேர் போடுவார்கள், மிச்ச நேரம் மரக்கறித் தோட்டத்தைப் பார்க்கலாம். லயத்து வரிசை வீடுகளின் ஆண்கள் எல்லாருக்கும் அதில் ஒரு கண்.

"லோஜா, கங்காணிகிட்ட சொல்லி வச்சிட்டேன். இன்னைக்கே அண்ணனோட போயி மருந்து டேங்கத் தூக்கு!"

கிருஷாந்தியின் கை மாவுக்குள் நின்றது. கணவனைப் பார்த்தாள்.

"தம்பிய வேணாம்னு சொல்லுங்க."

"அது அவன் இஷ்டம்..." என்று முணுமுணுத்தான் அவன்.

இரண்டு வருஷமாகத் தன்மேல் விழுந்த பழியையெல்லாம் தாங்கியவளுக்கு இது மட்டும் தாங்கவில்லை. மாவுக் கையோடு எழுந்து, டாக்டரம்மா சொன்னதை ஒன்றுவிடாமல் சொன்னாள்.

"பொய்! எம் மகன் மேலயா பழி போடுற?" ராக்காயி கத்தினாள்.

"அண்ணே... உண்மையா?" என்றான் லோஜன்.

யோகேஸ்வரன் முகத்தைப் பொத்திக்கொண்டான். "உண்மைதான்டா... நீ போகாத!"

ராக்காயி ஓடி வந்து மருமகளைக் கட்டிக்கொண்டாள். "என் தாயி... ஒரு பாவமும் அறியாத உன்னைய வாயாலயே கொன்னுட்டேனே...! ஏன்டி சொல்லல?"

"சொன்னா உங்க மகன் தலைகுனிவாருன்னுதான் அத்தே."

"இன்னையோட அந்த வேலைய விட்டுர்றேன் கிருஷா. மன்னிச்சிரு!" யோகேஸ்வரன் விம்மினான்.

மாமியாரின் கைகளை மெல்ல விலக்கினாள் கிருஷாந்தி. கையைக் கழுவி, இரண்டு சேலையைப் பையில் வைத்தாள். மஸ்கெலியாவில் அவள் அம்மா வீடு இருந்தது.

"மன்னிச்சிட்டேங்க. ஆனா இந்த வீட்டுல இப்ப என்னால இருக்க முடியல. மொத ரெண்டு புள்ளையும் நமக்குத் தெரியாமப் போச்சு. மூணாவது டாக்டரம்மா சொன்னதுக்கப்புறம் வந்துச்சு... அத உங்க மானத்துக்காகக் குடுத்துட்டோம். நானும் வாய மூடிக்கிட்டுத்தானே இருந்தேன்!"

யோகேஸ்வரன் பையைப் பிடித்தான். அவள் பிடியை விடாமல் நின்றாள். கடைசியில் அவன்தான் கையை எடுத்தான்.