பன்னிரண்டாவது பேடு

மழை என்ன, அவளைக் கேட்டுக்கொண்டா வரும்? கார் பாலிஷ் கடையிலிருந்து எதிர்ச்சாரி லாண்ட்ரிக்கு முப்பது அடிதான் இருக்கும். அந்த முப்பது அடியைக் கடப்பதற்குள் கொட்டோ கொட்டென்று கொட்டித் தீர்த்துவிட்டது. கையில் பை, பைக்குள் பாலிஷ் தேய்க்கும் துணிப் பேடுகள் பன்னிரண்டு, கண்ணெல்லாம் தண்ணீர்... கதவைத் தோளால் தள்ளிக்கொண்டு உள்ளே பாய்ந்தாள்.

அதே நொடியில் உள்ளேயிருந்து ஒருவன் வெளியே வந்தான். அவன் கையில் இஸ்திரி போட்ட வெள்ளை விரிப்புகள் கழுத்து வரை அடுக்கியிருந்தன.

மோதல்!

விரிப்புகள் சரிந்தன. பை வாயைப் பிளந்தது. அழுக்கு பேடு ஒன்று நேராகப் போய் மேல் விரிப்பில் பச்சக்கென்று ஒட்டிக்கொண்டது. அவள் பதறிப்போய் பிய்த்தெடுத்தாள். வெள்ளை வெளேரென்ற துணியின் நடுவில் வட்டமாக, கன்னங்கரேலென்று ஒரு முத்திரை விழுந்திருந்தது.

“ஐயையோ...” என்றாள்.

“ஐயையோன்னு நான்ல சொல்லணும்!” என்றான் அவன்.

கோபமாகத்தான் ஆரம்பித்தான். ஆனால் அவள் முகத்தைப் பார்த்ததும் குரல் பாதியிலேயே இறங்கிவிட்டது. நெற்றியில் ஒட்டிய முடியும், இமை நுனியில் தொங்கும் சொட்டுமாக நின்றாள். அழுவதா சிரிப்பதா என்று முடிவு செய்யாத பெரிய கண்கள் வேறு... பாவம், அவன் என்னதான் செய்வான்!

“என்னங்க இது, பாத்திரம் தேய்க்கிற பஞ்சா?”

“பாத்திரமா? கார் பெயின்ட்டையே புதுசாக்குற பேடுங்க இது! மைக்ரோஃபைபர். மெஷின்ல மாட்டித் தேய்ச்சா கோடு, கீறல் எல்லாம் போயிடும். எங்க கடை வாஷிங் மெஷின் நேத்து படுத்துடுச்சு. நல்லா துவைச்சு சாயங்காலத்துக்குள்ள குடுப்பீங்களா, மாட்டீங்களா?”

“உதவி கேக்குறீங்களா, மிரட்டுறீங்களா?”

“ரெண்டும்தான்.”

அவன் சிரித்துவிட்டான். குனிந்து ஒவ்வொன்றாகப் பொறுக்கி, “ஒண்ணு, ரெண்டு, மூணு...” என்று பன்னிரண்டு வரை எண்ணிச் சீட்டு எழுதினான். எதையும் எண்ணித்தான் வாங்குவான், எண்ணித்தான் கொடுப்பான். அதில் அவனுக்கு அப்படி ஒரு பெருமை.

அவளுக்கும் அந்தப் பன்னிரண்டு லேசுப்பட்ட விஷயம் இல்லை. பாலிஷ் கடை அவளுடைய மாமாவுடையது, அம்மாவின் தம்பி அவர். மனிதர் கம்பளி பேடைத் தவிர வேறொன்றைக் கண்ணெடுத்தும் பார்க்க மாட்டார். அது வேகமாகத் தேய்க்கும், வாஸ்தவம்தான். ஆனால் கறுப்புக் காரில் வெயில் பட்டால் வட்ட வட்டமாகக் கோடு காட்டிக் கொடுத்துவிடும். இரண்டு பேர் காரைத் திருப்பிக் கொண்டுவந்து சத்தம் போட்டுவிட்டுப் போனார்கள். மூன்று மாதம் மாமாவின் காதைத் தின்று, மைக்ரோஃபைபர் பேடு ஒரு டஜன் வாங்க வைத்தவள் அவள்தான். இரண்டு நாளாகப் பழைய கார்க் கதவு ஒன்றில் தேய்த்துத் தேய்த்துக் கையும் பழக்கிக்கொண்டாள்.

மாமா ஒரே ஒரு நிபந்தனைதான் போட்டார்.

“நாளைக்கு பல் டாக்டரம்மாவோட கறுப்புக் கார் வருது. ஒழுங்கா முடிச்சேன்னா, இனிமே மெஷின் உன் கையில. சொதப்பினேன்னா மெஷினைத் தொடவே கூடாது. முன்னாடி உக்காந்து போன் எடுக்கணும். சம்மதமா, பாப்பா?”

“சம்மதம் மாமா!” என்று வீறாப்பாகச் சொல்லிவிட்டாள். போன் எடுக்கும் நாற்காலி என்றாலே அவளுக்கு வேப்பங்காய்.

சாயங்காலம் பேடுகள் பூப்போல வந்து சேர்ந்தன. பன்னிரண்டும் சரியாக இருந்தன.

மறுநாள் காலை. காரைக் கழுவித் துடைத்து, ஓரங்களுக்கெல்லாம் டேப் ஒட்டி, பானெட்டில் ஒரு சாண் இடத்தைச் சோதனைக்குக் குறித்துக்கொண்டாள். மெஷினில் ஒரு பேடை மாட்டி, கீறலைத் தேய்த்தெடுக்கும் காம்பவுண்ட் பசையை நாலு சொட்டு விட்டாள். மெதுவாக, ஒரே அழுத்தமாக, குறுக்கும் நெடுக்குமாக ஓட்டினாள். மாமா கையைக் கட்டிக்கொண்டு பின்னாலேயே நின்றார்.

குப்பென்று ரோஜா வாசனை அடித்தது.

பேடு தேய்க்கவில்லை, வழுக்கியது. காம்பவுண்ட் இழைக்குள் இறங்காமல் வெண்ணெய் மாதிரி பெயின்ட் மேல் இழுவிக்கொண்டு போனது. துடைத்துப் பார்த்தாள். பழைய கோடுகள் அப்படியே இருந்தன. போதாததற்கு மேலே ஒரு மங்கல் வேறு. இன்னொரு தடவை ஓட்டியும் அதே கதைதான்.

“ஏம்மா... காருக்கு பாலிஷ் போடுறியா, சென்ட் போடுறியா?” என்றார் மாமா.

அவளுக்குப் புரிந்துவிட்டது. சாஃப்ட்னர்! துணி மெத்தென்று இருக்க, மணமாக இருக்கக் கடைசியில் ஊற்றுவார்களே, அதை ஊற்றித் தொலைத்திருக்கிறான். அது இழை இழையாகப் பூசிக்கொண்டால் மைக்ரோஃபைபர் எதையும் பிடிக்காது, உறிஞ்சாது.

“அஞ்சு மணிக்கு டாக்டரம்மா வந்துடுவாங்க. மத்தியானம் வரைக்கும் பாப்பேன். அப்புறம் கம்பளிதான்” என்று சொல்லிவிட்டு மாமா நகர்ந்தார்.

மெஷினிலிருந்த பேடைப் பிடுங்கி ஏப்ரன் பாக்கெட்டில் திணித்தாள். மிச்சத்தைப் பையில் அள்ளிக்கொண்டு புயலாகத் தெருவைக் கடந்தாள்.

“என்னத்தைங்க ஊத்துனீங்க இதுல?”

அவள் வருவதைப் பார்த்து மலர்ந்த அவன் முகம் அப்படியே நின்றுவிட்டது. “சாஃப்ட்னர்... நல்லா மெத்துன்னு இருக்கணும்னுதான்...”

“மெத்துன்னு இருக்க இது என்ன தலகாணியா? கொஞ்சமா ஊத்தின மாதிரியும் தெரியலையே! எவ்வளவு ஊத்துனீங்க?”

அவன் சீட்டுப் புத்தகத்தை எடுத்துப் புரட்டத் தொடங்கினான். காது மடல் மட்டும் சிவந்தது. கவுன்ட்டரில் உட்கார்ந்திருந்த அவனுடைய அக்கா எதையோ சொல்ல வாயெடுத்து, தம்பி முகத்தைப் பார்த்து மூடிக்கொண்டாள்.

“உங்களால என் வேலையே போகப்போகுது. இனிமே இந்தக் கடை வாசப்படி மிதிச்சா ஏன்னு கேளுங்க!”

பையைக் கவுன்ட்டரில் வீசிவிட்டுத் திரும்பினாள். தெருவின் பாதியிலேயே மனசு குத்தியது. பேடு வந்த உறையில் ‘சாஃப்ட்னர் கூடாது’ என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்ததே... படித்தவள் அவள். அவனிடம் சொல்லாமல் விட்டவளும் அவளேதான். ஆனால் திரும்பிப் போய் அதைச் சொல்ல முடியுமா? மாட்டாள். அத்தனை ரோஷம்!

கடை மூலையில் போய் உட்கார்ந்தாள். கை தானாக ஏப்ரன் பாக்கெட்டுக்குள் போனது. அந்த ஒரு பேடு அங்கேயே இருந்தது. கோபத்தோடு எடுத்து... கோபத்தோடுதான் மூக்கருகே கொண்டுபோனாள். ரோஜா. ‘கார் பேடுக்கு யாராவது இவ்வளவு பார்த்துப் பார்த்துச் செய்வார்களா? மடையன்!’ என்று நினைத்தாள். நினைக்கும்போதே உதட்டோரம் சிரிப்பு வந்துவிட்டது.

பன்னிரண்டரை இருக்கும். மாமா கம்பளி பேடை உறையிலிருந்து உருவிக்கொண்டிருந்தார். வாசலில் நிழல் தட்டியது. லாண்ட்ரிக்காரன்! சட்டை முன்பக்கமெல்லாம் ஈரம், ஒரு கையில் பை, இன்னொரு கையில் சின்னத் தண்ணீர் பாட்டில்.

“சார், தப்பு முழுக்க என்னோடது. கேக்காம ஊத்திட்டேன். அவங்க மேல கோபப்படாதீங்க” என்றான் மாமாவிடம்.

அவளுக்குச் சுருக்கென்றது.

“வெதுவெதுப்பான தண்ணில வெறும் சோப்பு போட்டு நாலு தடவை அலசினேன். சூடு வைக்காம காத்துல காய வச்சேன். இப்போ பாருங்க.” ஒரு பேடை எடுத்து அதன் மேல் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டான். “சாஃப்ட்னர் இருந்தா சொட்டு மேலயே உருண்டு நிக்கும். போயிடுச்சுன்னா...”

சொட்டு இருந்த இடம் தெரியாமல் உள்ளே இறங்கியது. மாமாவே கிட்டே வந்து குனிந்து பார்த்தார். அவன் ஒவ்வொரு பேடுக்கும் ஒரு சொட்டு விட்டுக் காட்டினான். கடைசிப் பேடு முடிந்ததும் காலிப் பையைக் கவிழ்த்து உதறிப் பார்த்தான்.

“பதினொண்ணுதாங்க இருக்கு. ஒண்ணு குறையுது. நீங்க பையை வச்சப்போ நான் எண்ணல... என்னிக்கும் எண்ணிடுவேன். எப்படியும் தேடிக் குடுத்துடுறேன்.”

‘என் பாக்கெட்டில்தான் இருக்கிறது’ என்று அந்த நொடியே சொல்லியிருக்கலாம். ஏப்ரனுக்குள் விரல்கள் அந்த பேடைப் பிடித்துக்கொண்டுதான் இருந்தன. ஆனால் எடுத்து நீட்டினால் அதையும் அலசிவிடுவானே...

“ப... பரவாயில்ல. பதினொண்ணு போதும்” என்று முணுமுணுத்துவிட்டு மெஷினைக் கையில் எடுத்தாள்.

இந்தத் தடவை பேடு பெயின்ட்டில் உட்கார்ந்து வேலை செய்தது. ஒவ்வொரு பகுதி முடிந்ததும் இழையில் சேர்ந்த அழுக்கைக் காற்றுக் குழாயால் ஊதித் தள்ளினாள். இழை படுத்துவிட்டால் அடுத்த பேடுக்கு மாறினாள். பானெட், கதவுகள், கூரை என்று போய், கடைசியில் மென்மையான ஸ்பான்ஜ் பேடால் ஒரு ஓட்டு ஓட்டினாள். மணி நாலு. விளக்கைச் சாய்த்துப் பிடித்து பானெட் மேல் குனிந்தாள். ஒரு கோடு இல்லை, ஒரு வட்டம் இல்லை. கறுப்புப் பெயின்ட்டில் அவள் முகம் அச்சு அசலாகத் தெரிந்தது. அவள் தோளுக்குப் பின்னால் இன்னொரு முகமும் தெரிந்தது.

“நீங்க இன்னும் போகலையா?” திரும்பாமலேயே கேட்டாள்.

“போயிட்டு, மனசு கேக்காம திரும்பி வந்தேன்.”

பானெட்டுக்குள் நான்கு கண்களும் சந்தித்துக்கொண்டன. நேருக்கு நேர் பார்த்திருந்தால் இரண்டு பேருமே அந்தப் பக்கம் இந்தப் பக்கம் திரும்பியிருப்பார்கள். பெயின்ட்டில்தானே பார்க்கிறோம் என்ற தைரியத்தில் பார்த்தார்கள்... பார்த்துக்கொண்டே இருந்தார்கள். மாமா இரண்டு தடவை செருமிய பிறகுதான் அவன் விலகினான்.

டாக்டரம்மா வந்து, நோயாளியின் வாயைப் பார்ப்பது போல டார்ச் அடித்துச் சந்து பொந்தெல்லாம் பார்த்தார். “பிரமாதம். யார் பண்ணினது?” என்று கேட்டார். “எங்க பாப்பாதான்!” என்றார் மாமா, என்னமோ தானே அவளை அனுப்பி மைக்ரோஃபைபர் வாங்க வைத்தவர் போல. கம்பளி பேடு அன்றைக்கே பரண் ஏறியது. மெஷின் அவள் கைக்கு வந்தது.

எல்லாம் கைகூடியும் அவளுக்கு நிம்மதி இல்லை. அவன் வரவில்லை! ஒரு நாள், இரண்டு நாள், ஒரு வாரம்... எதிர்ச்சாரியில் கதவு திறக்கும்போதெல்லாம் இவள் மெஷின் நின்றுவிடும். ‘வந்தால் வரட்டும், வராவிட்டால் போகட்டும். நானாகப் போவேனா? வாசப்படி மிதிக்க மாட்டேன் என்று சொல்லியாயிற்றே’ என்று முறுக்கிக்கொண்டாள். பேடு மட்டும் அவள் கைப்பையில் வீட்டுக்கும் கடைக்கும் போய் வந்துகொண்டிருந்தது.

எட்டாம் நாள், மாமா துவைக்கப் போட்டிருந்த ஏப்ரன்களைக் கொடுக்க அவனுடைய அக்கா வந்தாள்.

“ஏம்மா, அந்த ஒரு பேடு அவ்வளவு முக்கியமா? எங்க வீட்ல ஒருத்தன் பைத்தியமா அலையுறான். மூணு மெஷினையும் பிரிச்சுப் போட்டுட்டான். கடை ஆரம்பிச்சு ஒன்பது வருஷத்துல ஒரு கைக்குட்டை தொலைஞ்சதில்லையாம். அதைக் கண்டுபிடிக்காம உங்க முகத்துல எப்படி முழிப்பேன்ங்கிறான். சோறு தண்ணி இறங்கல. புதுசு வாங்கிக் குடுடான்னா, அது அவங்களோடது ஆகாதுங்கிறான்.”

அவள் முகம் வெளிறியது. விளையாட்டாக வைத்துக்கொண்டது அவனை இப்படியா வாட்டிவிட்டது! அவன் பெருமையே அந்த எண்ணிக்கைதானே. எடுத்துக் கொடுத்தால் தன் குட்டு வெளிப்படும். கொடுக்காவிட்டால் அவன் இந்தப் பக்கமே வரப்போவதில்லை. ரோஷமாவது மண்ணாவது! கைப்பையை எடுத்துக்கொண்டு இறங்கிவிட்டாள். வெளியே தூறல் போட்டுக்கொண்டிருந்தது. அவள் கவனிக்கவே இல்லை.

லாண்ட்ரியில் அவன் ஒரு மெஷினுக்குள் பாதி உடம்பை நுழைத்து டார்ச் அடித்துக்கொண்டிருந்தான்.

“அங்க இருக்காதுங்க” என்றாள்.

தலை இடிக்க வெளியே வந்தான். நனைந்த முடி, இமையில் சொட்டு, அதே கண்கள்... அவள் கையில் பேடு!

“எங்க கிடைச்சுது?”

“தொலையவே இல்ல. என்கிட்டதான் இருந்துச்சு.”

“எப்போலேர்ந்து?”

“நீங்க பதினொண்ணுன்னு சொல்லிக் கலங்குனீங்களே, அப்பவே என் பாக்கெட்லதான் இருந்துச்சு. நீங்க எதையும் தொலைக்கல. இன்னொன்னும் சொல்லணும். சாஃப்ட்னர் கூடாதுன்னு உறையில போட்டிருந்துச்சு. நான்தான் உங்ககிட்ட சொல்லல. எல்லார் முன்னாடியும் தப்பை நீங்க ஏத்துக்கிட்டீங்க, நான் வாய மூடிட்டு நின்னேன்.”

“அது போகட்டும். இதை ஏன் வச்சுக்கிட்டீங்க?”

அவள் தரையைப் பார்த்தாள்.

“குடுத்தா அலசிடுவீங்க. வாசனை போயிடும்ல...”

அவன் டார்ச்சைக் கீழே வைத்தான். பேடை வாங்கினான். முகர்ந்து பார்த்தான். ஒரு வாரம் ஆகியும் ரோஜா போகவில்லை. மெல்ல மெல்ல அவன் முகத்தில் வெளிச்சம் ஏறியது.

“அன்னிக்கு எவ்வளவு ஊத்துனீங்கன்னு கேட்டீங்கள்ல?” என்றான். “எந்த ஆர்டர் வந்தாலும் ஒரு மூடிதான் ஊத்துவேன். உங்களுதுக்கு மூணு மூடி ஊத்தினேன். மழையில நனைஞ்சு வந்து மிரட்டுனீங்களே... அன்னிக்கு என் கை என் பேச்சைக் கேக்கல. இன்னிக்கு வரைக்கும் கேக்கல.”

அவள் நெற்றியில் வழிந்த மழைத்தண்ணீரைத் துடைத்துக்கொண்டாள். சிரிப்பும் அழுகையும் ஒன்றாகப் பொங்கிக்கொண்டு வந்தன. இந்தத் தடவை பானெட் இல்லை, பெயின்ட் இல்லை. நேராக அவன் கண்ணைப் பார்த்தாள்.

“என் மனசும் என் பேச்சைக் கேக்கலங்க. ஒரு வாரமா உங்க கதவையே பாத்துட்டு நிக்கிறேன். இனிமே மூணு மூடி ஊத்துறதா இருந்தா பேடுக்கு வேண்டாம்... நம்ம வீட்டுத் துணிக்கு ஊத்துங்க.”

“நம்ம... வீட்டுக்கா?”

“ஏன், அதையும் எண்ணிப் பாக்கணுமா?”

“பாத்துட்டேன்” என்றான். “ரெண்டு பேர். சரியா இருக்கு.”

சொல்லிவிட்டு அந்தப் பன்னிரண்டாவது பேடை, அலசாமலேயே, அவள் கையில் திரும்ப வைத்தான்.