வெட்டிய இருமல்

அவிநாசிபாளையத்தில் இடிக்கப்போகும் ஒரு பழைய வீட்டிலிருந்துதான் அந்த இசைத்தட்டு எங்களிடம் வந்தது. பரணில் கிடந்த தட்டுகளைப் பார்க்க என்னை வரச்சொல்லியிருந்தார் வீட்டுக்காரர் பூவாத்தாள். பழைய இந்திப் பாட்டு என்றால் எனக்குப் பைத்தியம். எல்லோரும் மறந்துபோன இசையமைப்பாளர் என்றால் இரட்டைப் பைத்தியம். என் கணவர் சதீஷ்குமாருக்கு இந்தி ஒரு சொல்கூடத் தெரியாது. கார் ஓட்டுவதற்காக வந்தார்.

"எங்க மாமனார் பம்பாயில பஞ்சு யாவாரம் பண்ணுனப்ப வாங்குனது. எடுத்துட்டுப் போ கண்ணு," என்ற பூவாத்தாள், குரலைத் தாழ்த்தினார். "முழுசாக் கேளு. கடைசியில இருக்கறதையும் கேளு."

வீட்டுக்கு வந்ததும் தட்டைச் சுழலவிட்டேன். அடடா, என்ன பாட்டு! இரண்டாம் சரணத்தில் பெண்குரல் உச்சிக்குப் போய்த் தவிக்கிறது. கீழே ஒரு சாரங்கி அதைத் தாங்கிப் பிடிக்கிறது. வெளிவராமலே போன படம். லேபிளில் பாடகியின் பெயர் மட்டும் இருந்தது. இசையமைத்தவர் மதுசூதன் நாக்பால் என்று பழைய பத்திரிகைத் துணுக்கு ஒன்றில் படித்திருந்தேன். நெஞ்சுநோய்க்காரர். ஒலிப்பதிவு முடிந்த கையோடு போய்ச் சேர்ந்துவிட்டார்.

பாட்டு அடங்கிய பிறகு ஓர் ஆணின் இருமல் கேட்டது. ஈரமான, அடக்க முடியாத இருமல்.

"அவருதானுங்க," என்றேன். "பேரைத்தான் போடல. இதாவது மிச்சம் இருக்குதே."

என் கணவருக்கு வேலம்பாளையத்தில் செக்கிங் யூனிட். தைத்து வரும் பனியனில் தொங்குகிற பிசிர் நூலை வெட்டுவதுதான் அங்கே வேலை. கல்யாண வீட்டில்கூட யார் சட்டையிலாவது பிசிர் தெரிந்தால் அவருக்குக் கை பரபரக்கும். அப்படிப்பட்ட மனுஷன், இணையத்தில் போட நான் கம்ப்யூட்டரில் ஏற்றிவைத்திருந்த பாட்டில் கைவைத்துவிட்டார்.

"கடைசியில பிசிராட்டம் ஒண்ணு தொங்கிட்டு இருந்துச்சு இந்து. வெட்டிப் போட்டேன்!" என்றார் பெருமையாக.

"அடக் கடவுளே! உங்களை யாருங்க வெட்டச் சொன்னது?"

சரி, தட்டுதான் இருக்கிறதே என்று மறுபடியும் ஓடவிட்டேன். பாட்டு முடிந்தது.

இருமல் இல்லை.

வெறும் கரகரப்பு.

எனக்குப் பின்னால் யாரோ இருமினார்கள். ஈரமாக, அடக்க முடியாமல்.

என் கணவர்.

அதன்பிறகு அது நிற்கவே இல்லை. நெஞ்சில் ஒன்றும் இல்லை என்றார் டாக்டர். கைக்குட்டையிலோ ரத்தம். வீட்டில் அத்தரும் மருந்தும் கலந்த ஒரு வாடை. நாங்கள் அத்தர் வாங்கியதே கிடையாது. மனுஷன் கந்தல் துணியாகத் துவண்டுபோனார். அவரை விட்டால் எனக்கு யார் இருக்கிறார்கள்? பாட்டும் வேண்டாம் ஒரு மண்ணும் வேண்டாம் என்று அழுதேன்.

ஒரு மத்தியானம்தான் எனக்கு உறைத்தது. எடுத்ததைத் திரும்ப வைக்க வேண்டும்.

அவரை மைக் முன் உட்காரவைத்துத் தட்டைச் சுழலவிட்டேன். கடைசி வரி முடிந்ததும் இருமல் தானாக வந்தது. பதிவு செய்தேன். அதைப் பாட்டின் முடிவில் ஒட்டி, நாக்பால் பெயரையும் போட்டு, இணையத்தில் ஏற்றினேன்.

இருமல் நின்றது. அன்று சாயங்காலமே சோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். நான் சாமி படத்தின் முன்னால் விழுந்து கும்பிட்டேன்.

இன்று காலையில் பெருமாநல்லூர் ரசிகர் பிரதீப் போன் செய்தார்.

"பாட்டு அருமைங்க்கா. கடைசியில, இருமலுக்கு அப்புறம், மெல்லமா ஒரு குரல் கேக்குதே. அது யாருங்க?"

ஹெட்போனை மாட்டினேன். சத்தத்தைக் கூட்டினேன்.

"இந்து... இந்து, கதவத் தொற புள்ள..."

என் கணவரின் குரல்.

மைக் முன்னால் அவர் ஒரு வார்த்தையும் பேசவில்லை.

ஹெட்போனைக் கழற்றினேன். பக்கத்து அறையில் அவர் அந்தப் பாட்டை முணுமுணுத்துக்கொண்டிருந்தார். ஒரு சொல்கூடப் பிசகாத இந்தி.

"ஏனுங்க..." என்றேன்.

திரும்பிச் சிரித்தார். அவர் சட்டைக் காலரில் நீளமாக ஒரு பிசிர் தொங்கிக்கொண்டிருந்தது. அவர் அதைக் கவனிக்கவே இல்லை.