தங்கச் சீப்பின் இடது பக்கம்

தலையணையிலிருந்து குதிரை வியர்வை நாற்றம் வந்தது. ஒபோயா அதை உதறி வெயிலில் போட்டாள். பொழுது சாய்ந்து, குடியிருக்கும் கம்பளிக் கூரை வண்டிக்குள் எடுத்து வைத்தால் மறுபடி அதே நாற்றம், கூடவே இரத்த வாடை.

தலையணைக்குள்ளே இருந்தது செத்துப்போன கணவன் அர்கோத்தின் தங்கச் சீப்பு. அதன் விளிம்பில் விரல் உயரச் சிற்பமாக அர்கோத், ஈட்டியோடு இரண்டு எதிரிகளை மடக்கி நின்றான். இடது பக்கம் வெற்றிடம். “மகன் வளரட்டும், அங்கே அவனைச் செய்துகொள்ளலாம்” என்று கிரேக்கத் தட்டானிடம் அவன்தான் சொல்லியிருந்தான். புதைகுழியில் அவனோடு போகவேண்டிய சீப்பு. அவன் முகம் வேறெங்கும் இல்லையே! பாவி மனசு கேட்கவில்லை; குழியில் ஒரு எலும்புச் சீப்பை வைத்துவிட்டு இதை ஒளித்துக்கொண்டாள்.

நாத்தனார் சரினா தலையணையைத் தடவியே கண்டுபிடித்துவிட்டாள்.

“அவன் பொருளைப் பிடிச்சு வச்சா அவன் எப்படி அண்ணி போவான்? நாளைக்குக் குழியை மூடிடுவாங்க. இப்பவே கொண்டுபோய் வைங்க.”

“உனக்கென்னடி, இன்னும் மூணு அண்ணன் இருக்காங்க. எனக்கு இருந்தது ஒரே புருஷன். விடியட்டும், வச்சிடறேன்.”

சரினா முணுமுணுத்தபடி இறங்கிப் போனாள்.

மகன் பலாக் குதிரைப்பால் கிண்ணத்தைக் கீழே வைத்தான். “அம்மா, அப்பாவுக்குக் கை வலிக்குதாம்.”

“யாருடா சொன்னா?”

“அப்பாதான். ரெண்டு பேர் அடிக்கிறாங்களாம். இடது பக்கம் ஆளே இல்லையாம்.”

ஒபோயா பையனை இழுத்து அணைத்து, அவன் இடைவாரின் நுனியைத் தன் மணிக்கட்டில் சுற்றிக்கொண்டு, தலையணையின் தையலைப் பல்லால் பிரித்துச் சீப்பை எடுத்தாள். வெளியே காற்று கம்பளியை அறைந்தது. காற்றின் இரைச்சலுக்கு அடியில், மிக மெல்லியதாக, உலோகத்தில் உலோகம் மோதும் சத்தம்.

சீப்பில் நின்றிருந்த அர்கோத் இப்போது ஒரு முழங்காலை ஊன்றியிருந்தான். தோளில் வெட்டு.

“ஐயோ, என் ராசா!” அழுகை பொத்துக்கொண்டு வந்தது. குழியில் வைத்துவிட வேண்டும். இப்போதே. இந்த நிமிடமே. காலணியைத் தேடிக் குனிந்தாள்.

மணிக்கட்டில் இழுப்பு இல்லை.

பையன் இடுப்பில் போட்டிருந்த முடிச்சு அவிழாமல் வார் மட்டும் தொங்கியது. கிண்ணத்தில் பால் மீதி.

“பலாக்?”

சத்தம் நின்றது. வெளியே காற்றும் இல்லை. சீப்பைத் திருப்பினாள்.

இடது பக்கம் காலியாக இல்லை. நகத்தளவு பையன். இரண்டு கையாலும் பிடித்த பெரிய கேடயம். இடையில் வார் இல்லை. அவன் எதிரிகளைப் பார்க்கவில்லை. அவளைப் பார்த்தான், வாய் திறந்து. ஒபோயா கட்டைவிரலால் அவனை மூடினாள்.

விரலில் சின்னதாகச் சூடு பட்டது. மூச்சு.

மறுபடி மோதல் தொடங்கியது.