மேற்கே பார்த்த டிஷ்

லாரி கம்பெனி ஆள் மூன்று சாமான்களைக் கொண்டு வந்து வாசலில் வைத்தான். ஒரு போர்வை, சார்ஜரோடு கிடந்த செல்போன், கவிழ்த்து வைத்த பெரிய சட்டி போல வெள்ளை பிளாஸ்டிக் மூடி போட்ட ஒரு டிஷ்.

"அஞ்சு நாள்தானே ஆச்சு. வந்துடுவாரு அக்கா," என்று கையெழுத்து வாங்கிக்கொண்டான். சொல்லும்போது அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

காணாமல் போனது அவளுடைய தம்பி. மேற்கு நெடுஞ்சாலையில் இருபத்தைந்து கிலோமீட்டர் தள்ளி, பானெட் திறந்தபடி லாரி ஓரமாக நின்றிருந்தது. ஆளைக் காணோம். போலீஸ்காரர்கள் ரோட்டின் இரண்டு பக்கமும் ஒரு கிலோமீட்டர் தேடிவிட்டு, வேறு ஏதாவது வண்டியில் ஏறிப் போயிருப்பான் என்று கையைக் கழுவிவிட்டார்கள்.

தெருவில் அவளுக்கு 'ஏரியல் அக்கா' என்று பேர். டிவி பழுது பார்ப்பது பிழைப்பு. மொட்டை மாடியில் கம்பிகளை நட்டு, வானத்தில் போகிற செயற்கைக்கோள்களை விரட்டிப் பிடிப்பது பைத்தியம். அந்த டிஷ்ஷைத் தம்பி டிவி பார்க்க லாரி கேபின் மேல் வைத்திருந்தான். நிறுத்திய இடத்தில் தானே திரும்பிச் சிக்னல் தேடிக்கொள்ளும். "புதுசு வாங்கினதும் இது உனக்குத்தான் அக்கா. உள்ள மோட்டார் இருக்கு, உன் பைத்தியத்துக்குத் தோதா இருக்கும்," என்று ஒரு வருஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தான்.

உட்கார்ந்து அழுதால் அவன் செத்துவிட்டான் என்று ஒப்புக்கொண்ட மாதிரி ஆகிவிடும் என்று தோன்றியது. அதனால் ஸ்க்ரூடிரைவரை எடுத்தாள்.

வெயில் மண்டையைப் பிளக்கும் பதினோரு மணி. அடிப்பலகையைத் திறந்து, உள்ளிருந்த போர்டில் ஒரு ஒயரைச் சேர்த்துக் கம்ப்யூட்டரில் செருகினாள். காம்பஸ் வைத்து டிஷ்ஷின் அம்புக்குறியை வடக்கே திருப்பினாள். இந்த வகை டிஷ், கரண்ட் கிடைத்ததும் ஒரு சுற்றுத் திரும்பித் தடுப்பில் போய் முட்டும். அந்த இடத்தைப் பூஜ்யம் என்று வைத்துக்கொண்டு, அதற்கப்புறம் நாம் சொல்கிற பக்கம் போகும்.

கர்ர்ர்ர். டக்.

அவள் இன்னும் எதுவும் சொல்லவில்லை.

மூடிக்குள் மோட்டார் மறுபடி ஓடியது. நிதானமாக, எதையோ தேடுவது போல ஓடி நின்றது. திரையில் எழுபத்தொன்று டிகிரி; வடக்கிலிருந்து வலது கைப்பக்கமாக எண்ணினால் கிழக்கு. சிக்னல் அறுபத்து நான்கு. திரைக் கணக்குப்படி டிஷ்ஷின் முகம் முடிந்த மட்டும் தாழ்ந்து, மண்ணைப் பார்த்த கோணத்தில் இருந்தது. அந்தத் தாழ்வில் எந்தச் செயற்கைக்கோளும் கிடையாது என்பது அவளுக்கு மனப்பாடம்.

வேறு பக்கம் திருப்பினாள். போன கையோடு திரும்பி வந்து எழுபத்தொன்றில் நின்றது.

ஹெட்போனை மாட்டினாள். இரைச்சல். இரைச்சலுக்கு அடியில் வேறொன்று. ஏறியது, இறங்கியது. வெகுநேரம் கழித்துத்தான் அது மூச்சு என்று புரிந்தது. காய்ந்து கிடந்த அந்த மாடியில் எங்கிருந்தோ பாசி வாடை அடித்தது.

அன்று சாயங்காலம் ஹெட்போனில் ஒரு சத்தம். கல்லை எடுத்துத் தரையில் வைத்தது போல ஒரே ஒரு 'க்ளக்'.

அவள் கணவர் டெய்லர். கடை, வீட்டுக்கு நேர் தெற்கே நான்கு கிலோமீட்டர். மறுநாள் விடிந்ததும் டிஷ்ஷை அந்தக் கடை மாடிக்குத் தூக்கிக்கொண்டு போனாள். அங்கே அறுபத்து மூன்று டிகிரி. இரண்டு இடத்திலிருந்தும் வரைபடத்தில் கோடு போட்டாள். கோடுகள் ஊருக்குக் கிழக்கே ஒரு பழைய செங்கல் சூளையில் வெட்டிக்கொண்டன.

கணவர் வாயில் கவ்வியிருந்த ஊசியை எடுத்தார். "லாரி நின்னது மேற்க. நீ கிழக்க போறியேம்மா."

"மெஷின் எதுக்குங்க பொய் சொல்லணும்?"

அவர் பாதி தைத்த துணியை மடித்து வைத்துவிட்டு ஷட்டரை இழுத்தார். மூன்று நாள் இரண்டு பேரும் அந்தச் சூளையைச் சல்லடை போட்டுச் சலித்தார்கள். ஒவ்வொரு குழியிலும் அவள் குனிந்து, "டேய் தம்பி" என்று கூப்பிட்டாள். தொண்டை கட்டிப்போய், கடைசியில் வெறும் காற்றுதான் வந்தது.

வீடு திரும்பினதும் மாடிக்கு ஓடுவாள். சிக்னல் ஐம்பத்தொன்று. முப்பத்தேழு. பதினெட்டு. எண் இறங்க இறங்க மூச்சும் இடைவெளி விட்டு வந்தது. சாயங்காலமானால் மட்டும் தவறாமல் ஒரு 'க்ளக்'.

தம்பி காணாமல் போன பத்தாம் நாள் காலை.

சிக்னல் பூஜ்யம்.

ஹெட்போனில் இரைச்சல் மட்டும். மோட்டார் சிக்கிக்கொண்டது, வேறொன்றுமில்லை என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். அதுவரை திறக்காத வெள்ளை மூடியைக் கழற்றித் தூக்கினாள்.

திரையில் எழுபத்தொன்று. கிழக்கு.

டிஷ்ஷின் முகம் மேற்கே பார்த்திருந்தது.

மூடியைக் கீழே வைத்துவிட்டுக் காம்பஸை மறுபடி வைத்துப் பார்த்தாள். இந்தப் பழைய டிஷ்களில் சில, வடக்கிலிருந்து இடது கைப்பக்கமாக எண்ணிக்கொண்டு போகும். அது அவளுக்குத் தெரியாததா? புது டிஷ் கைக்கு வந்தால், தெரிந்த ஒரு செயற்கைக்கோளைப் பிடித்துப் பார்த்துவிட்டுத்தான் மறுவேலை என்று எத்தனை பேருக்கு வாய் கிழியச் சொல்லியிருக்கிறாள். இதில் மட்டும் அதைச் செய்யவில்லை. அவசரம்.

கோடுகளை மேற்குப் பக்கம் மாற்றிப் போட்டாள். லாரி நின்ற இடத்திலிருந்து மூன்று கிலோமீட்டரில், கைவிட்டுப்போன ஒரு நீரேற்று நிலையத்தில் போய் வெட்டிக்கொண்டன.

பகல் பன்னிரண்டு மணிக்கு அவனைக் கண்டுபிடித்தார்கள். ரேடியேட்டருக்குத் தண்ணீர் தேடிக் கேனோடு போனவன், மேல் பலகை உளுத்த ஆழமான தொட்டிக்குள் விழுந்து காலை ஒடித்துக்கொண்டிருந்தான். அடியில் முழங்கால் அளவுக்குப் பாசித் தண்ணீர். ஓரத்துத் திட்டில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்திருந்தான். அவனுக்கு இடப்பக்கம், நாளுக்கு ஒன்றாக வரிசை பிடித்து ஒன்பது கல்.

"ராத்திரிதான் போயிருக்கு," என்றார் டாக்டர். "நேத்தே வந்திருந்தா..." அவள் முகத்தைப் பார்த்துவிட்டு மீதியை விழுங்கிக்கொண்டார்.

எல்லாம் முடிந்தது. வந்தவர்கள் போனார்கள். டிஷ்ஷின் ஒயர்களைப் பிடுங்கி, மூடியை மாட்டி, மாடி மூலையில் சாக்குப் போட்டு மூடினாள். சாப்பாடு இறங்கவில்லை. தூக்கம் அந்த வீட்டுப் பக்கமே வரவில்லை.

அதற்கு ஆறாம் நாள் மத்தியானம். கணவர் தட்டில் கை வைத்திருந்தார்.

மேலே, கர்ர்ர்ர். டக்.

இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"ஒயரப் பிடுங்கலயா?" என்று அவர் கிசுகிசுத்தார்.

"பிடுங்கித்தாங்க இருக்கு."

அவள் மேலே போய்க் கம்ப்யூட்டர் ஒயரை மட்டும் செருகினாள். சிக்னல் நான்கு. மறுநாள் பதினொன்று. அதற்கு அடுத்த நாள் இருபத்தாறு. இந்தத் தடவை தினமும் வீட்டு மாடி, கடை மாடி இரண்டிலிருந்தும் இடது கைப்பக்கமாகவே எண்ணிக் கோடு போட்டாள். முதல் நாள் தொட்டி. மறுநாள் லாரி நின்ற இடம். அதற்கப்புறம் நெடுஞ்சாலையிலேயே, ஊரைப் பார்த்து, தினம் மூன்று நான்கு கிலோமீட்டர். ஒடிந்த காலை இழுத்துக்கொண்டு வருகிற ஒருத்தன் நடக்கக்கூடிய தூரம்.

வரைபடத்தைக் கணவரிடம் காட்டினாள். அவர் கோட்டின் மேல் விரலை வைத்து ஊர் வரைக்கும் நகர்த்திப் பார்த்தார்.

"கதவைச் சாத்தி வைப்போம்மா."

"அவன் வீடுங்க இது."

"அது அவன்தான்னு உனக்குத் தெரியுமா?"

அவள் வரைபடத்தை மடித்தாள். பிறகு ரொம்ப மெதுவாக, "வந்து கேப்பானேங்க. மேற்க இருக்கேன்னு தெரிஞ்சும் ஏன்க்கா கிழக்க போனேன்னு. என்ன சொல்லுவேன்?"

"மச்சான் அப்படிக் கேக்குற ஆள் இல்ல," என்றார். சொன்னவர் எழுந்து போய்க் கதவைத் தாழ்ப்பாள் போட்டார். அவர் அந்தப் பக்கம் போனதும் அவள் அதைத் திறந்து வைத்தாள்.

சிக்னல் தொண்ணூற்றேழு வந்த அன்று சாயங்காலம் அவள் மாடியில் மூடியைக் கழற்றி வைத்துவிட்டு உட்கார்ந்திருந்தாள். வெளிச்சம் இன்னும் இருந்தது. தெருவில் யாரோ சைக்கிள் மணி அடித்துக்கொண்டு போனார்கள்.

டிஷ் நகர்ந்தது. தெருமுனையைப் பார்த்தது. வாசலைப் பார்த்தது. எந்த மோட்டாரும் தாழ்த்த முடியாத அளவுக்குத் தாழ்ந்து, மாடிப்படியைப் பார்த்தது.

பாசி வாடை.

ஒரு காலடி. ஒரு இழுப்பு. ஒரு காலடி. ஒரு இழுப்பு.

"தம்பி," என்றாள். "அக்கா தப்புப் பண்ணிட்டேன்டா."

நூறு.

படியில் யாருமில்லை. டிஷ் நிதானமாகத் திரும்பி அவளுக்கு நேரே நின்றது. அவள் எழுந்து நாலடி நகர்ந்தாள். அதுவும் அவள் போன பக்கமே திரும்பியது.

கீழே 'க்ளக்' என்றது.

ஓடிப் போய்ப் பார்த்தாள். அவளுடைய படுக்கைக்கு இடப்பக்கம், உலர்ந்த தரையில், பாசி படிந்த ஒரு கல். அடியில் தண்ணீர் கோடாக வழிந்துகொண்டிருந்தது. கணவர் கதவோரம் நின்று, வாயைப் பொத்திக்கொண்டு அதையே பார்த்தார்.

அவன் வீட்டுக்கு வந்து சேர்ந்துவிட்டான் என்றுதான் அவள் முதலில் நினைத்தாள். ஒவ்வொரு மூலையிலும் குனிந்து கூப்பிட்டாள். கட்டிலுக்கு அடியில், அலமாரிக்குப் பின்னால், தண்ணீர்த் தொட்டிக்குள். எங்கேயும் அவன் இல்லை. மாடியிலிருந்து கீழே தூக்கி வந்து வைத்த டிஷ் மட்டும் அவளையே பார்த்தபடி நூறு காட்டியது. இந்த அறைக்குள்தான், கைக்கெட்டும் தூரத்தில்தான் அவன் உட்கார்ந்திருக்கிறான். அக்கா இன்னும் வரவில்லையே என்று நாட்களை எண்ணிக்கொண்டிருக்கிறான். இந்தத் தடவை எந்தப் பக்கம் திரும்பிப் பார்க்க வேண்டும் என்று அவளுக்குத் தெரியவில்லை.

மறுநாள் சாயங்காலம் இரண்டாவது கல் இருந்தது.