காலி இடத்தின் விலை

நிலாவுக்குக் கப்பல் புறப்படும் வாரத்தில் குலசேகரன்பட்டினத்தில் ஆட்டோ கிடைக்காது. நான்கு மாதத்துக்கு ஒரு கப்பல்தான். தேங்காய்ப் பொடியிலிருந்து கல்யாணப் பட்டு வரை எல்லாம் அந்த வாரத்தில்தான் ஊருக்குள் வந்து குவியும். விண்கப்பல் கிளம்பும் சத்தத்துக்கு இந்த ஊர் நாய்கூட இப்போது குரைப்பதில்லை.

கடைவீதி முழுக்க விண்சரக்கு முகவர்கள். எமல்டாவின் கடையும் அதில் ஒன்று. எத்தனை நேர்மையாகச் செய்தாலும் கொஞ்சம் தில்லுமுல்லாகவே தோன்றும் தொழில் அவளுடையது. கப்பலில் ஒரு பெட்டகம் முழுவதையும் முன்கூட்டியே மொத்த விலைக்குப் பிடித்து, பிறகு சில்லறையாக விற்பாள். கப்பல்காரர்கள் கனமான சரக்கென்றால் நிறுத்துக் கட்டணம் வாங்குவார்கள். லேசாக இருந்து இடத்தை அடைக்கும் சரக்கென்றால், அடைத்த இடத்தையே கணக்குப் போட்டு எடையாக்கிவிடுவார்கள். அதற்கு 'இட எடை' என்று பெயர். இரண்டில் எது அதிகமோ அதற்குத்தான் பணம். இரும்பையும் பஞ்சையும் ஒரே பெட்டகத்தில் சேர்த்து அடுக்கத் தெரிந்தவர்களுக்கு லாபம். எமல்டாவுக்குத் தெரியும்.

அந்த வாரம் அவள் பெட்டகத்தில் நிலாச் சுரங்கத்துக்கான துளைக்கருவிகள் இருந்தன. எடை வரம்பு ஏறக்குறைய நிரம்பிவிட்டது. மேலே பாதிப் பெட்டகம் காலி. பெரிதாகவும் லேசாகவும் ஒரு சரக்கு வந்தால் போதும்.

வந்தது. துறைமுகத்தில் கிரேன் ஓட்டும் ஜெயசிங் ஒரு சுழல்தொட்டிலோடு வந்தார். நிலாவில் ஈர்ப்பு பூமியில் இருப்பதில் ஆறில் ஒரு பங்குதான். அங்கே பிறக்கும் குழந்தை பூமியின் எடையோடு உறங்கினால்தான் எலும்பு உறுதிப்படும். அதற்காக ஓயாமல் சுற்றும் வளையம் அது. ஆட்டோ அளவு இருந்தாலும் இரண்டு பேர் தூக்கிவிடலாம். மடக்க மட்டும் முடியாது. ஜெயசிங்கின் மனைவி ஷீபா நிலா மருத்துவமனையில் நர்ஸ். அங்கே இருக்கிற தொட்டில்கள் எல்லாவற்றிலும் ஏற்கெனவே பிள்ளைகள். அவளுக்கு அடுத்த மாதம் பிரசவம். இந்தக் கப்பலை விட்டால், எலும்பு உரம் பிடிக்கும் முதல் மூன்று மாதத்தைக் குழந்தை தொட்டில் இல்லாமலே கழிக்க வேண்டும்.

"எவ்வளவு ஆகும்?"

எமல்டா வாய் திறக்குமுன் மேசைமேல் இருந்த விலைப்பொறி பேசியது. அதன் பெயர் 'உள்ளபடி'. விலைப்பொறிகள் கேட்ட கேள்விக்கு எதையும் மறைக்காமல் பதில் சொல்ல வேண்டும் என்பது சட்டம். மனிதர்களுக்கும் அப்படியொரு சட்டம் போட யாருக்கும் தைரியம் வரவில்லை.

"தொண்ணூறாயிரம் ரூபாய். கப்பல் நிறுவனத்தில் நேரடியாகக் கேட்டால் இட எடைக்கு ஆறு லட்சம்."

ஜெயசிங்கின் முகம் சுருங்கியது. "ஆறு லட்சம் ஆவுறத தொண்ணூறுக்கா? ஒங்களுக்கு இதுல என்ன கெடைக்கி?"

"எண்பத்தைந்தாயிரம்," என்றது உள்ளபடி. "அந்தப் பெட்டகத்துக்கான பணத்தைச் சுரங்கக்காரர்களே கொடுத்துவிட்டார்கள். உங்கள் தொட்டிலால் எங்களுக்கு ஏற்றுக்கூலி மட்டும்தான் செலவு."

"சும்மா கெடக்குத எடத்துக்கு எம்பத்தஞ்சாயிரமா! பகல் கொள்ளையால்ல இருக்கு!"

"அண்ணே, வேற எங்க போனாலும் இதவிடக் கொறையாது," என்றாள் எமல்டா. "பிள்ளைக்குள்ள சாமான். யோசிச்சுப் பாருங்க."

"ரூவா போனாலும் போவட்டும். ஏமாந்தவன்னு மட்டும் பேரு வாங்க மாட்டேன்." தொட்டிலை வண்டியில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார்.

எமல்டாவுக்கு ஆத்திரமும் அழுகையும் சேர்ந்து வந்தன. இடம் காலியாகப் போனால் போகட்டும். நாளை மாலை பெட்டகத்தை மூடி முத்திரை வைத்துவிடுவார்கள். அந்த மனிதர் வீம்பு பிடித்துக்கொண்டு அலைந்தால் பிள்ளையின் கதி என்ன?

"நான் சொன்னதில் பிழை உண்டா?" என்றது உள்ளபடி.

"பிழையே இல்ல. அதான் பிரச்சனை," என்றவள் எதிர்வரிசை துரைப்பாண்டிக்குப் போன் போட்டாள். வீதியிலேயே பொறி வைத்துக்கொள்ளாத ஒரே முகவர் அவர். இந்தத் தடவை அவர் பெட்டகமே பிடிக்கவில்லை.

"அண்ணாச்சி, எனக்கு எம்பத்தஞ்சு லாபம்னு பொறி சொன்னதுல கோவிச்சுக்கிட்டு, சுழல்தொட்டிலோட ஒருத்தரு அங்கதான் வாராரு. விட்டுராதீங்க. என் பெட்டகத்துலயே ஏத்திருங்க. எனக்குத் தொண்ணூறு குடுத்தா போதும்."

"அதுக்கு மேல?"

"அது ஒங்க சாமர்த்தியம். தொட்டில் போய்ச் சேரணும், அவ்வளவுதான்."

துரைப்பாண்டி ஆறரை லட்சத்தில் ஆரம்பித்தார்.

"எதிர்க்கடையில தொண்ணூறுன்னு சொன்னாங்களே," என்றார் ஜெயசிங்.

"அதுல எம்பத்தஞ்சு அவங்களுக்கு லாபமாமே?"

"ஆமா அண்ணாச்சி! அவங்க வாயாலயே சொல்லுதாங்க!"

காலம் கெட்டுப்போனதை நினைத்து இருவரும் தலையை ஆட்டிக்கொண்டார்கள். பிறகு பேரம் சூடுபிடித்தது. ஜெயசிங் ஒன்றரை என்றார். துரைப்பாண்டி தலையில் கைவைத்து, பெண்டாட்டி பிள்ளைகள்மேல் சத்தியம் செய்தார். ஜெயசிங் இரண்டு முறை கடைப்படி இறங்கினார். இரண்டு முறையும் துரைப்பாண்டி கூப்பிட்டு உட்காரவைத்து டீ வாங்கிக் கொடுத்தார். கடைசியில் இரண்டு லட்சத்து அறுபதாயிரத்துக்கு முடிந்தது. "கட்டுப்படியே ஆகல, ஒங்க மூஞ்சிக்காகத்தான்," என்றார் துரைப்பாண்டி. அவருக்கு என்ன கிடைக்கும் என்று ஜெயசிங் கேட்கவே இல்லை. அவ்வளவு பாடுபட்டுக் குறைத்த விலையில் யாரும் அதைக் கேட்பதில்லை.

மறுநாள் மாலை, எமல்டாவின் பெட்டகத்தில் துளைக்கருவிகளுக்கு மேல் உட்கார்ந்துகொண்டு தொட்டில் நிலாவுக்குப் புறப்பட்டது. அது போய்ச் சேர்ந்து மூன்று வாரத்தில் பெண் குழந்தை பிறந்தது.

அடுத்த மாதம் ஜெயசிங் முதலூர் மஸ்கோத் அல்வாவோடு கடைவீதிக்கு வந்தார். துரைப்பாண்டிக்கு ஒரு கிலோ. எமல்டாவின் கடைக்குள்ளும் வந்து ஒரு பொட்டலத்தை வைத்தார். சந்தோஷத்தில் பழைய கோபமெல்லாம் போயிருந்தது. நிலாவிலிருந்து ஷீபா வீடியோ அழைப்பில் இருந்த போனைத் திருப்பிக் காட்டினார். திரையில் தொட்டில் சுற்றிக்கொண்டிருந்தது. உள்ளே பிள்ளை கொழுகொழுவென்று, விரலைச் சப்பியபடி தூங்கியது. எமல்டாவுக்குக் கண் நிறைந்துவிட்டது.

"பாத்தீங்களா மேடம்? ஆறரை லட்சத்த ரெண்டு அறுவதுக்குக் கொண்டாந்தேன். லாபமே பாக்காத மனுசன் அவரு!"

எமல்டா சிரித்துக்கொண்டு தலையாட்டினாள். நிலாவிலிருந்து பதில் வந்து சேர இரண்டரை நொடி ஆகும். அதற்குள் ஜெயசிங் ஒரு துண்டு அல்வாவை வாயில் போட்டுக்கொண்டார்.

"ரெண்டு அறுவதா?" ஷீபாவின் குரல் வெடித்தது. "ஒங்களத் தனியா விட்டா இப்படித்தான்! நான் மட்டும் அங்க இருந்திருந்தா ரெண்டே காலுக்கு முடிச்சிருப்பேன்!"