அளவுக்குச்சி

தொட்டில் தரையைத் தொட்டது. நேற்று குத்தாலிங்கம் உத்திரத்தில் சேலையைக் கட்டியபோது தரைக்கு மேல் ஒரு முழம் விட்டுத்தான் கட்டியிருந்தான். வெளியே மேலகரம் முழுக்கச் சாரல் பிடித்திருந்தது. வீட்டுக்குள் ஈரச் சுண்ணாம்பு வாடையும், பிள்ளையின் பால் வாடையும், இரண்டிலும் சேராமல் லேசாக ஒரு கரி வாடையும் இருந்தன.

"சேல நைஞ்சு போச்சு, அதான் தொங்குது. ஏத்திக் கட்டுங்க. நான் கடைக்குப் போயிட்டு வந்திருதேன்," என்று மனைவி முத்துவடிவு கிளம்பினாள்.

ஏற்றிக் கட்டினான். முடிச்சை இறுக்கும்போதே உத்திரத்தை அண்ணாந்து பார்த்தான்.

வடக்கே நிலக்கரிச் சுரங்கத்தில் ஆறு வருஷம் வேலை பார்த்தவன் அவன். அங்கே தரைக்கும் மேல்பாறைக்கும் நடுவில் ஒரு மெல்லிய குச்சியை இறுக்கி நிறுத்துவார்கள். பாறை இறங்கினால் குச்சி வளையும். வளைந்தால் ஓடிவிட வேண்டும். ஐம்பத்தெட்டாம் வருஷம் ஒரு நாள் அது வளைந்ததை அவன்தான் பார்த்தான். வேலை நின்றால் மேஸ்திரி ஏசுவாரே என்று பயந்து, குச்சியின் நுனியில் இரண்டு விரற்கடை சீவிவிட்டு நேராக நிறுத்தினான்.

"குச்சி நேராத்தானலே இருக்கு?" என்று கேட்டான், ஊரிலிருந்து கூடவே வந்த இலஞ்சிக்காரன் சொரிமுத்து.

"நேராத்தான் இருக்கு. போ."

போனவன் மேல் பாறை இறங்கியது. உடம்பைக்கூட எடுக்க முடியவில்லை.

குத்தாலிங்கம் கொல்லையிலிருந்து ஒரு குச்சியை வெட்டிவந்து தரைக்கும் உத்திரத்துக்கும் இடையில் இறுக்கினான். நேராக நின்றது. வெட்கமாகக்கூட இருந்தது, சிரித்துக்கொண்டான்.

உத்திரம் முனகியது. மச்சிலிருந்து பொடி உதிர்ந்து பிள்ளையின் நெற்றியில் விழுந்தது. சுண்ணாம்பு இல்லை. கறுப்பு.

குச்சி வில்லாக வளைந்தது.

பிள்ளையை வாரி எடுத்துக்கொண்டு கதவுக்குப் பாய்ந்தான். நிலை அமுங்கி, கதவு இறுகிப்போயிருந்தது.

"ஏன் கதவ அடைச்சிய? தொறங்க!" வெளியே முத்துவடிவு தட்டினாள்.

பதில் சொல்ல நிமிர்ந்தான். தலை இடித்தது. மச்சு இறங்கியிருந்தது.

குனிந்தான். இன்னும் குனிந்தான். பிள்ளை வீறிட்டது.

முதுகுக்குப் பின்னால் கத்தியின் சத்தம். சரக். சரக். ஈரமான சீவல்கள் அவன் குதிகாலில் விழுந்தன.

திரும்பிப் பார்த்தான். குச்சி நேராக நின்றது, அவன் இடுப்பு உயரத்தில். அதைப் பிடித்திருந்த கரிக்கையில் நகங்கள் இல்லை.

"நேராத்தான் இருக்குலே," என்றான் சொரிமுத்து.

சரக்.